எண்ணெய் டின்னின் உறுமல்

அந்தப் பழைய இந்திப் படத்தில் வில்லன் வரும்போதெல்லாம் ஓர் உறுமல் கேட்கும். அவன் படியில் கால் வைத்தால் உர்ர்ர். நின்றால் அதுவும் நிற்கும். பாட்டெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் அது மறக்கவில்லை. உறுமியது ஓர் எண்ணெய் டின். அடியில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, அதை மடியில் இடுக்கி இழுத்தவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியங்களைத் தூக்கி இறக்கிய கூலியாள் பாரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முதுகுச் சுமையைப் பார்த்து ஊர் வைத்ததுதான் நிலைத்தது.

நாற்பது ஆண்டு கழித்துப் படத்தின் பின்னணி இசையைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பாரம் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'வில்லன் ஒலி' என்பதற்கு எதிரே, அன்று இசையமைப்பாளருக்கு உதவியாளராக இருந்து இன்று மாஸ்டராகிவிட்டவரின் பெயர். மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

மறுவாரம் மாஸ்டரே, பாரம் இப்போது மூட்டை தூக்கும் கிடங்குக்கு வந்து நின்றார்.

"என்ன பாரம், அந்த டின்னு இருக்கா? இந்தத் தட்டுக்கு விழா வைக்கறாங்க. மேடையில வாசிச்சுக் காட்டச் சொல்லி உயிரை எடுக்கறாங்க."

"இருக்கு மாஸ்டர். வீட்டுக்காரி ஓட்டையை அடைச்சுச் சோப்புத்தூள் கொட்டி வச்சிருக்கா."

"கயிறு?"

"அதுவும் இருக்கு. எடுத்துக்குங்க. மேடையில என் பேரை மட்டும் சொல்லிடுங்க, போதும்."

மாஸ்டர் சிரித்தார். "கயிறு இழுத்தவனுக்கெல்லாம் பேரு போட்டா அட்டை பத்தாதுப்பா. என்ன பெரிய வித்தை? நான்தான் கண்ணால பாத்தேனே!"

பார்த்தார்தான், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து. அந்தக் கண்ணாடி மார்புக்கு மேலேதான் காட்டும். கீழே ஒரு வாளித் தண்ணீர் இருந்ததும், ஒவ்வோர் இழுப்புக்கும் முன் கைத்துணி அதில் முங்கி எழுந்ததும், ஈரத்துணியால் உருவினால்தான் கயிறு உறுமும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

டின் போன பிறகு மனைவி கேட்டாள். "தண்ணி விஷயத்தைச் சொல்லலியா?"

"அவரு கேக்கலியே."

விழாவன்று இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாரத்தின் கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துண்டு.

"இந்தச் சத்தம் எனக்குக் கனவுல வந்துச்சு," என்று மாஸ்டர் ஆரம்பித்தார். கயிற்றை இழுத்தார். கீச். ஓங்கி இழுத்தார். கீச் கீச்.

"வில்லனுக்குச் செருப்பு கடிக்குது போல!" என்றது ஒரு குரல். அரங்கம் குலுங்கியது. மாஸ்டரின் கண் வரிசை வரிசையாகத் தேடிப் பின்னால் வந்து நின்றது.

"பாரம் அண்ணே... கொஞ்சம் மேல வாங்களேன்."

அண்ணனாம்! பாரம் அசையவில்லை. "எதுக்குன்னு மைக்கில சொல்லுங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் மைக்கை இழுத்துக்கொண்டார். "இது... இவரோட சத்தம். கனவெல்லாம் ஒண்ணுமில்ல."

பாரம் சாவகாசமாகத் துண்டை நனைத்துக்கொண்டு மேடையேறினார். டின்னை இடுக்கி ஒரே ஓர் உருவு உருவினார். நாற்பது வருஷமாக உள்ளே கிடந்தது எழுந்து உறுமியது. மூச்சுவிடாமல் கேட்ட கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

அந்தச் சந்தடியில் மாஸ்டர் நைசாக நழுவப் பார்த்தார். ஓர் அடி வைத்தார். உர்ர்ர். நின்றார்; டின்னும் நின்றது. இன்னோர் அடி. உர்ர்ர். சிரிப்பில் கூரை பறந்தது.

மேடையிலிருந்து இறங்க ஆறு படி. பாரம் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.