குடிக்காமல் வைத்த காப்பி

ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஃபவாஸ் கைக்குட்டையை எடுத்துத் தன் கறுப்புத் தோல் ஷூவைத் துடைத்தார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். துடைத்துவிட்டு ஓரடி எடுத்து வைத்தார். ஷூ மறுபடி சிவந்தது. மறுபடி குனிந்தார்.

"விடுங்க அபூ லைத். மலையே சிவப்பா நிக்குது, உங்க ஷூ மட்டும் கறுப்பா இருந்து யாருக்குக் காட்டப்போறீங்க?" என்றேன். எங்கள் மகன் லைத்தின் அப்பா என்பதால் ஊருக்கும் எனக்கும் அவர் அபூ லைத்.

"எங்க போனாலும் மனுஷனோட காலைத்தான் முதல்ல பாப்பாங்க, ஹியாம்."

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பேசுகிற பேச்சல்ல இது, பெண் கேட்கப் போகிறவர் பேச்சு. எங்கள் ஊர் இர்பிதில், சொந்தத்திலோ தெருவிலோ ஒரு பையனுக்குப் பெண் கேட்கப் போகவேண்டுமென்றால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் கூட்டமாகப் பெண் வீட்டுக்குப் போய் உட்காருவார்கள். காப்பி வரும். பேசப்போகிறவர் மட்டும் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். "காப்பியைக் குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்" என்று பெண்ணின் தகப்பனார் சொல்கிறவரை கோப்பை அங்கேயே ஆறிக்கொண்டிருக்கும். அபூ லைத் வைத்த கோப்பை ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். கேட்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். அவரிடம் யாராவது எதையாவது கேட்டால்தான் சிக்கல்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைந்தது. தம்பிமார்களோடு ஹோட்டலில் சாப்பிடலாம் என்றார் அவர். வாதி ரம் பாலைவனத்துக்குப் போகலாம் என்றேன் நான். மணலைப் பார்க்க அவ்வளவு தூரமா என்று முனகினாரே தவிர, மறுக்கவில்லை. இங்கிருந்து அகபா ஒரு மணி நேரம்தான் என்பதை அவர் யோசித்தாரா என்று தெரியாது. நான் யோசித்துத்தான் கேட்டேன்.

அகபாவில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. போன வசந்தத்தில் தங்கையைப் பார்க்கப் போனபோது அங்கே நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்தேன். இத்தனை வருடம் உயிரியல் பாடம் நடத்தியாயிற்று. கடைசிச் சில வருடங்கள் வேறொருத்தியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் துணைத் தலைமையாசிரியை. இப்போது அவர்கள் என்னைத் தலைமையாசிரியையாக வரச் சொல்கிறார்கள், மூன்று வருடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லவேண்டும். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்த போதெல்லாம் ஃபவாஸ் "இன்ஷா அல்லா, பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் அந்த விஷயத்தை மடித்து அலமாரிக்கு மேலே போட்டாயிற்று என்று பொருள். லைத்தின் சைக்கிள் ஆசை, பால்கனிக்குக் கண்ணாடி, நான் கார் ஓட்டப் பழகுவது எல்லாம் அங்கேதான் கிடந்தன. காரை மட்டும் நானே ஏறி எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் முழுக்க ஜீப்பில் சுற்றினோம். மெழுகு உருகி வழிந்ததுபோல் பாறைகள் மேலிருந்து கீழ்வரை மடிப்பு மடிப்பாக நின்றன. ஓரிடத்தில் பாறையே பாலம்போல் வளைந்திருந்தது. "என் முழங்காலுக்கு இதெல்லாம் ஆகாது" என்று சொன்னவர்தான் முதலில் ஏறினார். மேலே நின்று எனக்குக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்கும்போது இன்னமும் எனக்குள் ஏதோ நிதானப்படும். அதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் நாலு நாள் மீசையை முறுக்குவார். என்னைப் படமெடுத்தார். படத்தில் பாதி அவர் கட்டைவிரல்.

மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்தோம்.

"இங்கேருந்து அகபா தெரியுமா?" என்று கேட்டேன்.

"எப்படித் தெரியும்? மலை மறைக்குதே."

"மலையா மறைக்குது?"

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து என்னிடம் கொடுத்தார். "குடி. வெயில் உனக்கு ஆகாது."

பொழுது சாயும் வேளையில், இரவு தங்க ஏற்பாடு செய்திருந்த கூடாரத்துக்குத் திரும்பினோம். கூடாரத்துக்காரர் அபூ ஸப்பாஹ் எங்கள் வயதுக்காரர், வாயை மூடத் தெரியாத பாலைவனத்துப் பதூவி. இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியை மண்ணுக்கடியில் தணலோடு புதைத்திருந்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். நெருப்பிலிருந்த கூஜாவை எடுத்துக் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளில், அடி நனைகிற அளவுக்கு மட்டும் காப்பி ஊற்றினார். ஏலக்காய் மணம் மணலுக்கு மேலே எழுந்தது.

"இதான் அளவு" என்றார் ஃபவாஸ் மெச்சி. "என் மச்சான் ஒருத்தன் அம்மான் பட்டணத்துல வளந்தவன். வந்த பெரியவருக்கு விளிம்புவரைக்கும் ஊத்திட்டான். அவர் ஒரு வார்த்தை பேசல. எழுந்தாரு, செருப்பைப் போட்டாரு, போயிட்டாரு."

"பின்னே? கோப்பையை நிறைச்சா எழுந்து போன்னுதானே சொல்றோம்" என்று அபூ ஸப்பாஹ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

நான் என் கோப்பையைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, பாயில் வைத்தேன்.

"கசக்குதா தங்கச்சி?"

"இல்லண்ணே, மணக்குது. ஆனா குடிக்கமாட்டேன்."

ஃபவாஸ் முதலில் கவனிக்கவில்லை. "அவளுக்கு ரத்த அழுத்தம், டாக்டர்…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அபூ ஸப்பாஹ் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் கூடாரத்துல கோப்பை கீழ இறங்கிடுச்சு. சொல்லுங்க தங்கச்சி. ஒட்டகம் வேணுமா? உங்க பையனுக்கு எங்க வீட்டுப் பொண்ணு வேணுமா?"

"உங்ககிட்ட இல்லண்ணே. இவர்கிட்ட."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். கூஜாவை அப்படியே ஃபவாஸ் கையில் திணித்தார். "அப்ப இந்தக் கூடாரம் இப்போதைக்கு உங்களுது. நான் கேக்க வந்த பக்கம்" என்று என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கூஜா சுட்டது. ஃபவாஸ் ஷூ துடைத்த கைக்குட்டையைச் சுற்றிக் கைப்பிடியைப் பிடித்தார். "விளையாடாத ஹியாம். பொம்பளைங்க இப்படி வைக்கற வழக்கம் கிடையாது."

"எங்க பக்கத்துல காப்பிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க" என்றார் அபூ ஸப்பாஹ்.

முப்பது வருடத்துக்கு முன்னால் கதவிடுக்கில் நின்று, இவருடைய பெரியப்பா என்னைப் பெண் கேட்டுப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலையே வரவழைத்துக்கொண்டேன்.

"மரியாதைக்குரிய அபூ லைத், உங்க வீட்டுலேருந்து ஒருத்தரைக் கேட்டு வந்திருக்கோம். நல்ல குடும்பம். பேரு ஃபவாஸ். கொஞ்சம் பிடிவாதம் உண்டு, சதா ஷூ துடைப்பார், மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல. மூணு வருஷத்துக்கு அவர் எங்களுக்கு அகபாவுல வேணும்."

அபூ ஸப்பாஹ் சிரிக்கப்போய், ஃபவாஸைப் பார்த்துவிட்டு, விறகைக் கிளற ஆரம்பித்தார்.

"நீ வேலையில சேர்றதுக்கு என்கிட்ட சம்மதம் கேக்கறியா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை சரின்னுதான் சொல்லப்போறேன். போறது போறதுதான். நான் கேக்கறது ஆளை."

"ஊர்ல என்ன பேசுவாங்க? பொண்டாட்டி சம்பளத்துக்குப் பின்னாடி பெட்டியைத் தூக்கிட்டுப் போனான்னு…"

"உங்களை மஃப்ரக்குக்கு மாத்துனாங்க, பின்னாடியே வந்தேன். கரக்குக்கு மாத்துனாங்க, கைக்குழந்தையோட வந்தேன். அப்ப யாரும் ஒண்ணும் பேசலியே."

எதிரே நின்ற பாறையின் நெற்றியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. கீழே எல்லாம் ஈரல் நிறமாகிவிட்டது. என் கோப்பையிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது.

"இர்பித்ல வெளிய இறங்கினா நாலு பேர் எழுந்து நிக்கறாங்க" என்றார் மெதுவாக. "வாரம் தவறாம யாராவது வந்து, அபூ லைத், நீங்க வந்து பேசினாத்தான் காரியம் நடக்கும்ங்கறாங்க. அகபாவுல நான் யாரு? அங்க என்னைக் கூப்பிட ஆள் இல்ல ஹியாம்."

வாடகை, வீட்டைப் பூட்டுவது, தம்பிமார்கள் என்று அவர் எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. அத்தனை 'பாக்கலாம்'களுக்கும் அடியில் இதுதான் இருந்ததா? பெரிய மீசையும் வெளுத்த சட்டையுமாக, தெரியாத ஊரில் வாசலில் தனியாக நிற்கப் பயப்படுகிற ஒரு மனிதரை அந்த நெருப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு அவரை முன்னைவிடப் பிடித்திருந்தது.

"நான் கூப்பிடறேனே" என்றேன். "முதல் ஆளா."

ஆறிய கோப்பையை அவர் எடுத்தார். உள்ளே இருந்ததைப் பாய்க்கு வெளியே வீசினார். மணல் அதை உடனே குடித்துவிட்டது. கூஜாவைச் சாய்த்துப் புதிதாக ஊற்றினார். அடி நனைந்தது. அவர் நிறுத்தவில்லை. பாதி ஆயிற்று. அப்போதும் கூஜா நிமிரவில்லை. காப்பி விளிம்பைத் தொட்டு, விளிம்புக்குமேல் மெல்ல உப்பி நின்றது.

"ஐயோ, என்ன பண்றீங்க!" என்று அபூ ஸப்பாஹ் பதறி எழுந்தார். "எழுந்து போன்னு சொல்றீங்களா?"

"ஆமா. போகட்டும்" என்றார் ஃபவாஸ்.

நிறைந்த கோப்பையை என் முன்னால் வைத்தார். எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கூஜாவைக் கீழே வைக்கவில்லை. கையை நீட்டித் தட்டிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்தார். அதை என் கோப்பைக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று தொடும்படி வைத்தார். அதிலும் ஊற்ற ஆரம்பித்தார். அடி, பாதி, விளிம்பு.

அபூ ஸப்பாஹ் இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

சிந்தாமல் தூக்க முடியாத இரண்டு கோப்பைகள். இரண்டிலும் நெருப்பு நடுங்கியது. பத்துப் பேர் நடுவில் விரல்நுனியால் கோப்பை பிடிக்கிற என் கணவர், இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, தன் கோப்பையின் மேல் ஊற்றில் நீர் குடிப்பவரைப்போல் குனிந்தார். பாய்க்கு வெளியே காற்று அவருடைய கறுப்பு ஷூவுக்குள் செம்மணலை நிரப்பிக்கொண்டிருந்தது.