கதவு தட்டுபவர்

விளையாட்டு ஆசிரியர் அலுவலக நேரத்தில் போன் செய்தார். மகளுக்குக் காய்ச்சலோ என்று எடுத்தேன். அதெல்லாம் இல்லை. பள்ளியில் பாதுகாப்புப் பயிற்சி நடக்கப்போகிறது, கதவு தட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"கதவு தட்டவா?"

"ஆமா சார். பிள்ளைங்க உள்ளே பூட்டிக்கிட்டு சத்தம் போடாம உக்காந்திருப்பாங்க. வெளியே ஒருத்தர் நின்னு, தொறங்கன்னு கெஞ்சணும். அவங்க தொறக்கக் கூடாது. அதான் பயிற்சி."

போன தடவை பேக்கரிக்காரர் தட்டினாராம். அவர் மகனும் அங்கேதான் படிக்கிறான். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய தடவை ஒரு வக்கீல். அவர் போட்ட போட்டில் ஒன்றாம் வகுப்பே அழுது, மறுநாள் பாதிப் பேர் பள்ளிக்கு வரவில்லை.

"ரொம்ப அதட்டாம, ரொம்பக் குழையாம, கேட்டா நம்பற மாதிரி ஒரு குரல் வேணும் சார். உங்க குரல்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என்னிடம் பேசுகிற எல்லோரும் ஏதாவது ஓர் இடத்தில் இப்படி நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். பழகிவிட்டது.

"வர்றேன்," என்றேன்.

குரலைப் பற்றி அவர் சொன்னது சரிதான். நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் காதுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். பதறாதீங்க, கதவை நீங்களா தள்ளாதீங்க, காத்து வந்துக்கிட்டுதான் இருக்கும். பகல் முழுவதும் இதே வாக்கியங்கள். அழுகிறவர்களும் திட்டுகிறவர்களும் உண்டு. குரல் மாறாமல் பேசுவதில் எனக்கு நல்ல பெயர்.

என் மனைவி வேறொரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். போன வருடம் ஒரு மதியம், ஒருவன் அவள் வகுப்புக் கதவைத் தட்டி, பையனுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்றான். பையனின் அப்பாதான், அவளுக்குத் தெரிந்த குரல். தன் மனைவியோடு போட்ட சண்டையைப் பையன் மேல் தீர்க்கக் கத்தியோடு வந்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திறந்தாள். பிறகு பையனுக்கு முன்னால் போய் நின்றாள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் பூட்டை மாற்றினார்கள். உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் திறக்கும். வெளியேயிருந்து தலைமை ஆசிரியையின் சாவிக்கு மட்டுமே திறக்கும். தெரிந்த குரலோ தெரியாத குரலோ, குரலுக்குத் திறக்கக் கூடாது. அதுதான் விதி.

அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் மனைவியின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதும் எங்கள் இருவருக்கும் சாப்பாடு போடுவதும் அவர்தான். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உனக்கு மூளை கீளை கழண்டு போச்சா?"

"யாராவது பண்ணணும்ல."

"அந்த யாராவது நீதானா? அப்பனுங்களுக்கா பஞ்சம்?"

"மத்தவங்க சிரிச்சிடறாங்க."

"நீ சிரிக்க மாட்ட. அதுக்கு நான் கேரண்டி." ஒரு துண்டை உதறினார். "சுண்டு வகுப்புக் கதவையும் தட்டுவியா?"

சுண்டு என் மகள். இரண்டாம் வகுப்பு. உயரத்தில் வகுப்பிலேயே கடைசி.

"தட்டணும்."

"உன் குரலைக் கேட்டா ஓடி வந்து தொறப்பா."

"தொறந்தா திரும்பச் சொல்லிக் கொடுப்பாங்க."

"தொறக்கலைன்னா?"

நான் கீழே கிடந்த ஒரு சட்டையை எடுத்து நீட்டினேன்.

"தொறக்கலைன்னா, அப்பா கூப்பிட்டாலும் நம்பக் கூடாதுன்னு புள்ள கத்துக்கிட்டான்னு அர்த்தம். அவளுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு குரல்டா. அதையும் கெடுத்து வைக்காத."

"தொறக்காம இருந்தா உயிரோட இருப்பா, அக்கா."

அக்கா, மடித்து வைத்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ," என்றார்.

பயிற்சி நாளன்று தாழ்வாரம் பினாயில் மணத்துடன் ஈரமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் அட்டையும் பேனாவுமாக என் பின்னால் வந்தார்.

நான்காம் வகுப்பு. தட்டினேன். "பசங்களா, குழாய் ரிப்பேர் பண்ண வந்திருக்கேன். தொறங்க." ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. தேர்ச்சி.

மூன்றாம் வகுப்பு. "உங்க டீச்சர் கார் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சாவி குடுங்க, அணைச்சிடறேன்."

"எங்க டீச்சர்கிட்ட காரே இல்லையே!" என்றது ஒரு குரல். யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பிறகு வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"அந்த வாயாடிதான். எனக்குத் தெரியும்," என்று விளையாட்டு ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார்.

இரண்டாம் வகுப்புக்கு முன்னால் நின்றோம்.

"இதை வேணும்னா நான் தட்டட்டுமா சார்?"

"வேணாம்."

"உள்ளே டீச்சர் தடுக்க மாட்டாங்க. டீச்சருக்கே ஏதாவது ஆயிட்டா, புள்ளைங்கதானே முடிவு பண்ணணும்..." மறுபடி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தட்டினேன். யாரோ தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். அமைதி. விளையாட்டு ஆசிரியர் என் காதருகே குனிந்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வர்றவன் தெரிஞ்சவனாத்தான் இருப்பான்."

"சுண்டு," என்றேன். "அப்பா வந்திருக்கேன். கதவைத் தொற."

பெஞ்சு நகர்ந்தது. காலடிகள். கதவின் கீழ் இடைவெளியில் இரண்டு சிறிய ஷூக்களின் முனை தெரிந்தது. அவை அங்கேயே நின்றன.

திறக்கவில்லை. இத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் எந்த வாக்கியத்துக்கு அவள் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இன்னொருவனுக்கும் தெரியலாம். நான் சொல்லிப் பார்க்காவிட்டால் என்றாவது அவன் சொல்வான். அப்போது அவளுக்கு அதுவே முதல் முறையாக இருக்கும்.

"அம்மா வந்திருக்கா, சுண்டு," என்றேன். "கீழே நிக்கறா. தொற."

அலுவலகத்தில் பேசும் அதே குரலில்தான் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டு ஆசிரியர் அட்டையைத் தாழ்த்திவிட்டார்.

குமிழ் அசைந்தது. மெல்லத் திரும்பியது. உள்ளே தாழ் நகரும் சத்தம் கேட்டது. கதவு இன்னும் ஒரு திருகலில் திறந்துவிடும். நான் கையை வைத்து, கதவு திறக்காதபடி பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை.

குமிழ் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

"நீங்க எங்க அப்பா இல்ல," என்றாள் சுண்டு, கதவோடு வாயை வைத்து. "எங்க அப்பா அம்மாவைப் பத்திப் பேசவே மாட்டாரு."

ஷூக்கள் பின்வாங்கின.

விளையாட்டு ஆசிரியர் அட்டையை மறுபடி தூக்கினார். "பேசக் கூடாது. பேசிட்டா," என்றார். "ஆனா தொறக்கல." தேர்ச்சி என்று எழுதினார்.

தலைமை ஆசிரியை வந்து சாவி போட்டுத் திறந்தார். குழந்தைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். சுண்டு என்னைப் பார்த்து நின்றாள்.

"நீதானா?"

"நான்தான்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், படிக்கட்டு வரை பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"நான் தொறக்கல," என்றாள்.

"பார்த்தேன். சரியாப் பண்ணின."

"தொறக்கப் போனேன்."

"அதையும் பார்த்தேன்."

"சார் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் சொன்னேன்." அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "பொய். அம்மா செத்துட்டா, சுண்டு. வர மாட்டா." அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், சுற்றி வளைத்து.

"தெரியும்," என்றாள், வாய்ப்பாடு கேட்டால் சொல்வதுபோல. வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. "இனிமே நீ அம்மாவைப் பத்திப் பேசுவியா?"

வாயைத் திறந்தேன். பகல் முழுக்கப் பேசும் வாக்கியங்கள் எதுவும் இதற்கு உதவாது. வந்தது இதுதான்:

"உங்கம்மாவுக்குக் கரப்பான்பூச்சின்னா பயம். பார்த்தா நாற்காலி மேல ஏறி நின்னுக்குவா."

"அது எனக்கே தெரியுமே," என்றாள் சுண்டு.

டீச்சர் அவளை வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற சொல்லு."