வெயில் படாத பனை

அபூதாஹிர் பனைச் சட்டியை ஜன்னலடியிலிருந்து தூக்கி வாசற்படியில் வைத்தபோதுதான், காரியம் எங்கே போகிறதென்று தங்கை றம்லாவுக்குப் புரிந்தது.

"காக்கா, அதை ஏன் வெளிய எடுக்கிறீங்க?"

"அடக்கின பொறகு கபுறுல நட. பச்சை ஒண்டு நடத்தானே வேணும்? மச்சான் புள்ள மாதிரி வளத்தது. அவரோடயே போகட்டும்."

உள்ளே அவள் கணவன் முனாப்பை வெள்ளைத் துணியில் கபனிட்டு முடித்திருந்தார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனிதன். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. பிற்பகல் அசர் தொழுததும் உடலை எடுத்தாக வேண்டும்.

சட்டியில் இருந்தது முழங்கால் உயரக் குட்டைப்பனை. விசிறி இலைகளில் மஞ்சள் கோடுகள். துறைமுகத்தில் வேலை பார்த்த முனாப்புக்கு ஜப்பான் கப்பல்காரன் ஒருவன் கொடுத்தது. பதினொரு வருடமாக வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. ஊரில் வேறெங்கும் கிடையாது. ஷெல்லடிக்கு ஓடிய நாளில் றம்லா நகைப்பெட்டியைத் தூக்கினாள். அவன் இதைத் தூக்கினான். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுச் சுபைதாவுக்கு இது 'றம்லாட சக்களத்தி'.

"மையவாடியில ஒரு நிழல் இல்ல காக்கா. வெறும் மணல். ஒரு கிழமை தாங்காது. முந்தி ஒருநாள் படியில மறந்து வெச்சதுக்கே ரெண்டு இலை கருகிட்டு."

"மௌத்தானவருக்கு ஒரு செடி குடுக்க உனக்கு மனசில்லையா? சனம் என்ன கதைக்கும்?"

முற்றத்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா. றம்லா வாசல் தாண்ட முடியாது. இப்போது விட்டால் விட்டதுதான்.

"சக்களத்தியும் இத்தா இருக்கட்டுமே, காக்கா" என்றாள் கதவோரம் நின்ற சுபைதா.

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

றம்லா சிரிக்கவில்லை. "வேலியில பூவரசு நிக்குது. ஒரு கம்பை வெட்டிக் கொண்டுபோய் நடுங்க. அது எந்த வெயிலுக்கும் தழைக்கும். நாலஞ்சு வருசத்தில நிழல் விழும். பொறகு நானே இதைத் தாறன். அதுக்குக் கீழ வைங்க."

"நாலஞ்சு வருசமா?" அபூதாஹிர் தெருமுனைக் காவலரணைப் பார்த்தார். "அதுவரைக்கும் நாம இந்த ஊரில இருப்பமா புள்ள?"

றம்லா வேலிப் பக்கம் கை காட்டினாள்.

"கத்தி எங்க கிடக்கு?" என்றார்.

முனாப்பைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியது. பின்னால் அபூதாஹிர், கக்கத்தில் பூவரசங் கம்போடு. கலிமா ஓசை தெருமுனைவரை கேட்டது, பிறகு இல்லை.

படியில் வெயில் சட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. றம்லா சட்டியை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தாள். முனாப்பைக் கிடத்தியிருந்த கட்டில் இருந்த இடம் குளிர்ந்து கிடந்தது. அங்கே வைத்து, ஈரமிருக்கிறதா என்று மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.