இரண்டு பொத்தான்களுக்கு நடுவே

1

இந்தக் கதை ஒரு ரப்பர் துண்டால் வந்தது. சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ‘ஆதாரம்’ என்று எழுதி, ஆலை மேலாளரின் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் அழகாகத் தொடங்க முயன்றேன்.

அதிகாலைக் கதிர்கள் தொழிற்கூடத்தின் கூரைமீது…

கதிராவது கூரையாவது.

2

வடிவமைப்பாளர் ஆறடி உயரம். பம்புக்குள் பேரிங்கை அழுத்தி உட்காரவைக்கும் காற்றழுத்த பிரஸ் ஒன்றை இந்த ஆலைக்கென்றே செய்தார். இரண்டு பொத்தான்களை இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும்; அப்போது கை உள்ளே இருக்காது. நல்ல யோசனை. பொத்தான்களின் இடைவெளிக்குத் தன் கைகளையே விரித்து அளந்துகொண்டார். தொடக்க விழாவில் மேலாளர் ‘மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு’ பற்றி நாற்பது நிமிடம் பேசினார். எந்த மனிதரை என்று யாரும் கேட்கவில்லை.

(ஒரு பொத்தானை அழுத்தியபடியே கட்டிப்போட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடும் வால்வும் இருந்தது. “வேகம் குறையுது, எடுத்துடுங்க” என்றார் மேலாளர். எடுத்தவர் வடிவமைப்பாளர். இதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்களேன் என்று என்னிடம் கெஞ்சினார், போட்டிருக்கிறேன்.)

3

அந்த பிரஸ்ஸில் நின்றவள் வடிவமைப்பாளருடைய மனைவியின் தங்கை. வேலை வாங்கித் தந்தவரும் அவரே. ஐந்தடிகூட இல்லாதவள், ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் முறை தோள் கழல எட்டி எட்டி, மூன்றாம் வாரம் ஒரு பொத்தானை ரப்பரால் கட்டினாள். நேற்று இரண்டு விரல் நுனிகள் போயின.

ஆஸ்பத்திரியில் அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை.

“அளவெடுக்கும்போது என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே மாமா. பக்கத்து ஷெட்லதானே இருந்தேன்?”

“கை எட்டலைன்னு நீ சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். பழகிடும்னீங்க.”

4

மேலாளர் விசாரணைப் படிவத்தை வடிவமைப்பாளரிடம் நீட்டினார். “காரணம்ங்கிற கட்டத்துல ‘ஊழியரின் கவனக்குறைவு’ன்னு எழுதி ஒரு கையெழுத்து. உங்க வீட்டுப் பொண்ணு, எனக்கும் வருத்தம்தான்.”

எழுதினால் அவள் வேலையும் போகும், வைத்தியச் செலவும் அவள் தலையில்.

முடிவு ஒன்று: கையெழுத்திட்டுவிட்டு, வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல்… வேண்டாம். அவருக்காக நீங்கள் இரங்கிவிடுவீர்கள்.

முடிவு இரண்டு: உண்மையை எழுதி மேலாளர் முன் வீசுகிறார். அவ்வளவு வீரத்தை இவருக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே அவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் எழுந்து நின்று கைகளை விரியுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம். அப்படியே தொள்ளாயிரம் முறை. எண்ணி முடித்ததும் அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். உங்களுக்குத்தான் விரல் பத்தும் முழுசாக இருக்கிறதே.