எடுப்பதற்கு முன் கேட்பது

"கைய நல்லா கூட்டிப் புடிமே, அரிசி கீழ சிந்துது பாரு" என்று பாக்கியம் அதட்டினாள். சங்கரி விரலைக் கூட்டி, செத்துக் கிடந்த புருஷன் ஆனந்தனின் வாயில் வாய்க்கரிசியைப் போட்டாள். பாதி கன்னத்தில் உருண்டது. மூன்று வாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வற்றிப்போன கன்னம். தெருவுக்கு டிபி என்று சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்ட எச்.ஐ.வி.யைத்தான் சொல்லவில்லை. அது அவனுக்கும் சங்கரிக்கும் அவனுடைய அம்மா தமிழ்ச்செல்விக்கும் மட்டும் தெரியும். சங்கரிக்கும் அது இருந்தது.

பாக்கியம் பறைக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். சத்தம் சட்டென்று நின்றது. அந்தத் தெருவில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவள் அவள். எந்த வீட்டில் புருஷன் செத்தாலும், பெண்டாட்டி பிள்ளை பெறும் வயசுக்காரியாக இருந்தால், பிணம் எடுப்பதற்கு முன், வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்பாள். மூன்று தடவை, எல்லார் காதிலும் விழும்படி.

"சங்கரி, முழுவாம கீறியா? இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக்கூடாது."

இரண்டு மாசம் ஆகிறது. முந்தாநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கழிவறையில், கர்ப்பம் பார்க்கிற அட்டையில் இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு ஓடிவந்து ஆனந்தனின் காதில் சொன்னாள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. அவள் விரலைப் பிடித்து அழுத்தினான். வேறு யாருக்கும் அவள் சொல்லவில்லை.

எட்டு வருஷத்து ஆசை. "மாத்திரைய ஒருநாளும் விடாம சாப்பிடுங்க, குழந்தைக்கு வராம பாத்துக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சங்கரி ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. மாமல்லபுரம் ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாலும் நேரம் பார்த்து விழுங்கிவிடுவாள். ஆனந்தன்தான், கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். பாவி.

போன வருஷமும் ஒன்று தங்கியது. சந்தோஷம் தாங்காமல் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். தமிழ்ச்செல்வி திட்டவில்லை. தலையில் பூ வைத்து, கோயிலுக்கு என்று சொல்லி மதுராந்தகத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். "அதும் மாத்திர தின்னுகினே வளரணுமா? வேணாம்மா, பாவம்" என்று அவளே அழுதாள். சங்கரி அவள் பின்னாலேயே உள்ளே போய்க் கலைத்துக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளை மடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்ததும் அத்தைதான். அதனால் மனசார ஒரு சாபம்கூட விட முடியவில்லை.

பாக்கியம் இரண்டாம் தடவை கேட்டாள்.

"இன்னாத்துக்கு அவள நோண்டிகினு கீற? அதெல்லாம் ஒண்ணுமில்ல, எடுங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

"நீ சொன்னா ஆச்சா? வவுறு அவுளுது. அவ வாயால சொல்லட்டும்."

தமிழ்ச்செல்வி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த கண்ணில்கூடப் பயத்துக்கு இடம் இருந்தது. நர்ஸ் வீட்டு வாசலில் பார்த்த அதே பார்வை.

ஆமாம் என்றால் பிள்ளைக்கு அப்பன் பேர் கிடைக்கும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மறுபடியும் மதுராந்தகம் பஸ்தான். இல்லை என்றால் எங்காவது போய்ப் பெற்றுக்கொள்ளலாம். அப்புறம் இது ஆனந்தன் பிள்ளை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இன்றைக்குச் சொன்னதுதான் நிற்கும்.

"கடேசியா கேக்கறேன். கீறியா, இல்லியா?"

சங்கரி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லக்கா."

பறை மறுபடி முழங்கியது. தமிழ்ச்செல்வி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையெல்லாம் அழுதாள். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை மன்னிச்சிடு என்று சங்கரி சொல்லிக்கொள்ளக்கூட இனி அவன் இல்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. "ஒரு வாயி தின்னுமே" என்று பாக்கியம் ஒப்புக்குத்தான் தட்டை வைத்தாள். சங்கரி நாலு இட்லியையும் தின்றாள். குமட்டியது. தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினாள். சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் சுடுகாடுகூட போய்ச் சேர்ல. எப்டி எறங்குது பாரேன் இவளுக்கு" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

சங்கரி தட்டை நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு வைக்கா."