பக்கத்து வீட்டு வான்கோழியைக் குளிப்பாட்டிய பூனை

எங்கள் பூனை பிஸ்கட், பக்கத்து வீட்டுக்காரனின் வான்கோழியைத் தாழ் போட்ட பெட்டியிலிருந்து எடுத்து, ஆறடி வேலிக்கு மேலாகத் தூக்கிவந்து, எங்கள் குளியல் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பாட்டியது. பதினான்கு பவுண்டு வான்கோழி. உங்கள் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடம் ஒஹாயோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். உள்கண்ணாடியில் தினமும் பிள்ளைகளிடம் அந்த நம்பாத முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட்டைப் பூனை என்று சொல்வதே ஒரு மரியாதைக் குறைவு. அதன் அம்மா சாதாரண வீட்டுப்பூனை. அப்பா செர்வல் என்கிற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. நின்ற இடத்திலிருந்து எம்பி, பறக்கிற பறவையைத் தட்டி வீழ்த்துகிற ஜாதி. மகனுக்கு அந்த நீளக் கால், அந்தப் புள்ளி, ராடார் மாதிரித் திரும்பும் அந்தக் காது எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. மருத்துவரின் தராசு இருபத்திரண்டு பவுண்டு என்கிறது. நான் முப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தராசு பழசு.

நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம், "பேசாத ஒண்ணு இந்த வீட்டுக்கு வேணும்" என்று என் மனைவி லோரீன் போய் வாங்கி வந்தாள். யாரும் எங்களுக்கு முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை, அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பூனை மடியில் படுக்காது. தண்ணீரைக் கண்டால் ஓடாது, உள்ளே இறங்கும். சோபாவைத் தன் சொத்து என்று நினைத்துவிட்டால் அதில் ஈரமாகக் கையெழுத்துப் போடும். கீழே அழுத்தினால் திறக்கிற கைப்பிடி உங்கள் கதவுகளில் இருந்தால், அதை மாற்றிவிட்டு அப்புறம் பூனையைக் கூட்டி வாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், அது வீட்டில் ஒரே ஒரு ஆளைத்தான் தேர்ந்தெடுக்கும். எங்கள் வீட்டில் அது லோரீனைத் தேர்ந்தெடுத்தது. அவள் நாலு நாள் தங்கை வீட்டுக்குப் போனபோது அது ஒரு வாய் தின்னவில்லை. வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தது. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

இனி வெர்லின் ஸ்டாலைப் பற்றி. பக்கத்து வீடு, குடியிருப்போர் சங்கத் தலைவர், முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரித்த ஆள். இடி விழுந்து வீடு எரிந்தவனிடம் இடியின் போட்டோ கேட்டவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பிஸ்கட்டை வைத்துக்கொள்ள அவன்தான் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அதில் ஒரு வரி: வேலியை ஒருமுறை தாண்டினாலும் பூனை வேறு இடத்துக்குப் போக வேண்டும். லோரீன் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் எந்த வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடம் இருக்காது. அதனால் வான்கோழியை உப்புத் தண்ணீரில் முக்கி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பின்வாசல் குளிரில் விட்டுவிடுவோம். காலையில் எடுத்து அடுப்பில் ஏற்றுவோம். வெர்லின் பெட்டிக்குத் தாழ் போட்டு, மேலே ஒரு செங்கல்லும் வைப்பான். ராத்திரியில் சாப்பாடு திருட வரும் ரக்கூனுக்குச் செங்கல் போதும். பிஸ்கட்டின் பக்கத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் ஒரு பறவை. ஆண்டவனே பார்த்து அனுப்பிய பார்சல்.

பண்டிகையன்று காலை குழாய்ச் சத்தம் கேட்டுக் குளியலறைக்குப் போனேன். தொட்டியில் வான்கோழி மிதந்தது. அதன் நெஞ்சின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, கப்பல் தலைவன் மாதிரி பிஸ்கட் நின்றது. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

லோரீன் வந்து பார்த்தாள். வெளுத்துப்போனாள்.

"டெல்பர்ட், நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"நானா? நான் எப்ப வாயத் தொறந்தேன்?"

வாசல் மணி அடித்தது. வெர்லின். பனியில் மூக்கு சிவந்திருந்தது.

"யோவ் டெல்பர்ட், என் வான்கோழியக் காணோம். ஏதாவது பாத்தியா?"

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுபத்திரண்டு வருடம் கதை விட்டுக்கொண்டிருந்தவன் கையில், முதல்முறையாக, உப்பு காரம் எதுவும் சேர்க்கத் தேவையில்லாத ஒரு நிஜம். அது தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்க தொட்டியில குளிச்சிட்டிருக்கு. பிஸ்கட் வேலி தாண்டித் தூக்கிட்டு வந்துச்சு."

லோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். வெர்லின் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஆறடி வேலி! பதினாலு பவுண்டு! ஏன்யா, திருடுறதுதான் திருடுற, பழிய வாயில்லாத ஜீவன் மேலயா போடுவ? நீதானே எடுத்தே?"

லோரீனின் கை என் முதுகுக்குப் பின்னால் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. என் வாழ்நாளின் ஒரே உண்மையை நான் விழுங்கினேன்.

"ஆமா வெர்லின். நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"உன்னுது எங்களோடத விடப் பெருசா இருந்துச்சு. பொறுக்கல."

ஈரம் சொட்டச் சொட்ட வான்கோழியைக் கட்டித் தூக்கிக்கொண்டு அவன் போனான். லோரீன் பின்கதவுக்கு மேல்தாழ் போட்டாள். நான் என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டு காப்பி போட்டேன். பால் பொங்கக்கூட இல்லை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசில்.

"டெல்பர்ட். இங்க வா. மெதுவா, ஓரமா நடந்து வா."

அவன் பின்வாசல் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. விசாரணைக்காரனின் கண்ணோடு அவன் விரல் நீட்டினான். படியருகே அவன் பூட்ஸ் தடம். பெட்டியிலிருந்து வேலிவரை ஒரு அகலமான இழுவைக் கோடு. அதன் இருபுறமும் ஜாம் பாட்டில் மூடி அகலத்துக்குக் கால்தடங்கள்.

"உன் தடம் எங்கய்யா?"

"பறந்து வந்தேன்."

"இந்த வயசுல?"

அவன் சிரிக்கவில்லை. வான்கோழியைத் திரும்பவும் அதே உப்புத் தண்ணீரில் போட்டிருந்தான். தாழ் போட்டிருந்தான். செங்கல் வைத்திருந்தான். அவன் சட்டைப் பையில் அந்தக் கடிதம் மடித்து இருந்ததையும் பார்த்தேன்.

"உள்ள வந்து உக்காரு. நான் எதையும் பாக்காம எழுத மாட்டேன்."

அவன் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள் காப்பியோடு உட்கார்ந்தோம். மேல்தாழை நினைத்து நான் தைரியமாகத்தான் இருந்தேன். சலவை அறை ஜன்னலில் வெறும் கொசுவலை என்பது வேலியின் உச்சியில் இரண்டு காதுகள் முளைத்தபோதுதான் ஞாபகம் வந்தது.

பிஸ்கட் இறங்கியதில் ஓசையே இல்லை. செங்கல்லைத் தலையால் தள்ளியது. தாழை ஒரு நகத்தால் நெம்பியது. மூடி திறந்தது. அது அந்த ஐஸ் தண்ணீருக்குள், நாம் வெந்நீரில் இறங்குகிற சுகத்தோடு, கழுத்துவரை இறங்கியது. வெளியே வந்தபோது வான்கோழி அதன் வாயில் இருந்தது.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஏனென்றால் அப்போது எல்லாமே நின்றது. மேப்பிள் மரத்தில் கத்திக்கொண்டிருந்த நீலப் பறவைகள் வாயை மூடின. மூன்று வீடு தள்ளிக் குரைத்துக்கொண்டிருந்த நாய் நிறுத்தியது. பிஸ்கட் தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்தது. அந்தக் கண்ணில் லோரீன் இல்லை, வீடு இல்லை, ஒஹாயோ இல்லை. அதன் அப்பனின் புல்வெளி இருந்தது. நாங்கள் இருவரும் அதில் சும்மா நின்ற இரண்டு கட்டைகள். எனக்கு உச்சி மயிர் சிலிர்த்தது. எனக்கு அங்கே மயிரே கிடையாது.

முதல் பாய்ச்சலில் பாரம் இழுத்துக் கீழே விழுந்தது. எழுந்து உதறியது. கவ்வியதை விடவில்லை. மறுபடி பின்கால்களை மடக்கியது. அப்புறம் காற்றில் ஒரு பொன்னிற வில், புள்ளி புள்ளியாக. ஒரு கணம் வான்கோழியே தன் இறக்கையை நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது போல இருந்தது. வேலி மேலே நகங்கள் கீறின. பிறகு வேலி மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

வெர்லின் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். "காப்பி ஆறிடுச்சு" என்றான். அவ்வளவுதான். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. நான் வீட்டுக்கு வந்து லோரீனிடம் உள்ளபடி சொன்னேன். அவள் அழவில்லை, தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். நனைந்த பிஸ்கட் தன் நெற்றியை அவள் நெற்றியில் அழுத்தி வைத்தது.

இரண்டு முறை குளித்த வான்கோழியை யார் தின்பார்கள்? அதனால் அன்று வெர்லினும் அவன் மனைவி மாக்ஸினும் எங்கள் மேஜையில். எங்கள் சின்ன வான்கோழி, அவள் சுட்டுக் கொண்டுவந்த பூசணிக்காய்ப் பலகாரம். லோரீனின் தட்டில் எதுவும் குறையவில்லை.

"எங்க வான்கோழிக்கு என்னதான்யா ஆச்சு?" என்றாள் மாக்ஸின்.

இனி மறைத்து என்ன பயன்? தாழ், செங்கல், வேலி, பறவைகள் வாயை மூடியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாக்ஸின் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள்.

"போதும் டெல்பர்ட், மூச்சு விடு! வெர்லின், இந்த ஆளு அளக்குறதக் கேட்டியா?"

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கடிதத்தை எடுத்து லோரீன் முன்னால் விரித்தான். 'வேலி தாண்டினால்' என்ற வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில்: சனிக்கிழமைக்குள் கூரையோடு கம்பிவலைக் கூண்டு, பின்முற்றம் முழுக்க.

"வலை எங்கிட்ட இருக்கு லோரீன். நானும் வந்து அடிக்கிறேன். இவன் ஒருத்தன் அடிச்சா ஆகாசம் வரைக்கும் கட்டினேன்னு சொல்லுவான்." பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "வேலியோரம் நம்ம விறகு அடுக்கு இருக்குல்ல, அது மேல ஒரு கால ஊனிச்சு. இவன் அத விட்டுட்டான்."

"அப்ப மிச்சம்?"

வெர்லின் குளியலறைப் பக்கம் பார்த்தான். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மிச்சம் நடந்துச்சு, மாக்ஸின். நானே பாத்தேன். அப்படியே நடந்துச்சு."