கண்கள் மட்டும் வந்த படம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்கள், என் செல்லங்களே. கையிலுள்ள போன்களை மடியில் வையுங்கள். கதையே அதைப் பற்றியதுதான். ஒரு பிள்ளையின் முகம் எப்படித் தொலைந்தது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று சொல்லப்போகிறேன். சிரிக்க வைக்கிற கதை இல்லை. இருந்தாலும் கடைசிவரைக்கும் கேளுங்கள்.

கடலோரக் குருநகரில் ஜெனிற்றா என்றொருத்தி. அவளுடைய ஒரே மகள் டிலக்ஷி, நாலு வயது, டெங்குக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். தகப்பன் டினேஸ் கட்டாரில் வேலை. முதலாளி வர விடவில்லை. ஜெனிற்றாவின் தங்கை றஜிதாவுக்குப் போன் எடுத்து அழுதான்.

"றஜிதா, ஒரு நிமிசமும் விடாமல் வீடியோ எடு. வீட்டிலை இருந்து சேமக்காலைக் குழி வரைக்கும். நானும் கூட நடந்த மாதிரி இருக்கட்டும்."

அந்நேரம் றஜிதாவின் கையில் இருந்தது தமக்கையின் போன். சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் அந்தப் போன் இடமில்லை என்றது. உள்ளே முழுக்கப் பிள்ளையின் படங்கள். அத்தானுக்கு எல்லாம் அனுப்பியதுதானே, அவரிடம் இருக்கும் என்று நினைத்தாள். விரலால் ஒரே தட்டில் அவ்வளவையும் அழித்தாள். பிறகு கோயில், சேமக்காலை, மண் போட்டது என்று இரண்டு மணித்தியாலம் எடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கப் படம் தேடியபோதுதான் விசயம் தெரிந்தது. டினேஸ் இரண்டு மாதத்துக்கு முதல் புதுப் போன் வாங்கியிருந்தான்; பழைய படங்களை அதற்கு மாற்றி வைக்கவில்லை. வீட்டுச் சுவரில் இருந்தது ஞானஸ்நானப் படம் ஒன்றுதான். அதில் பல்லில்லாத ஒரு கைக்குழந்தை. நாலு வயது டிலக்ஷி எங்கேயும் இல்லை.

"போன் தன்ரை பாட்டிலை அழிச்சுப்போட்டுது அக்கா," என்று றஜிதா பொய் சொன்னாள். பூசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதற்குள் முகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தப் பொய்யும் கரைந்துவிடும் என்று நம்பினாள். போனுக்குள் இருந்த மெமரி காட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, றிம்ஸானின் போன் கடைக்குப் போனாள்.

"குருநகரோ? அப்ப கடலுக்கைதான் விழுந்திருக்கும்," என்று சிரித்தான் றிம்ஸான். "போன வரியம் ஒருத்தர் போனோடை இறாலையும் கொண்டந்து தந்தவர்."

"கடலிலை இல்லை, றிம்ஸான் நானா. என்ரை கையாலைதான் போனது."

அவன் சிரிப்பை நிறுத்தினான். காட்டை வாங்கிக் கணினியில் செருகினான்.

"அழிச்சால் படம் உடனை போறேல்லை, தங்கச்சி. அந்த இடம் வெறுமை எண்டு போன் குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். அதுக்கு மேலை வேறை ஒண்டும் ஏறாட்டி எடுத்துப்போடலாம். அழிச்சாப் பிறகு இதிலை ஏதும் எடுத்தனீங்களோ?"

றஜிதா வெறும் கைலேஞ்சியை மடித்தாள்.

"செத்தவீடு எடுத்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"முழுக்க."

அவன் திரையை விட்டுத் திரும்பவில்லை. "பாப்பம்," என்றான். "நாலு நாள் தாங்கோ."

நாலாம் நாள் போனபோது கதிரையை இழுத்துப் போட்டான். திரையில் சாம்பல் நிறப் பெட்டிகள் வரிசையாய்க் கிடந்தன. பிள்ளை இருந்த இடத்திலெல்லாம் பிள்ளையின் செத்தவீடு ஏறியிருந்தது. ஒன்றில் ஒரு செருப்பு. ஒன்றில் கிணற்றுக்கட்டு. முகம் இருந்தது ஒன்றே ஒன்றில்தான், அதுவும் நெற்றியும் கண்ணும் மட்டும். மூக்குக்குக் கீழே சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் என்ன இருந்தது என்று றஜிதாவுக்குத் தெரியும்: நாவற்பழம் தின்று ஊதா நிறமான நாக்கு, அதை நீட்டிக் காட்டுகிற வாய்.

றிம்ஸான் அந்தப் படத்தை இரண்டு மெமரி காட்டில் போட்டுக் கொடுத்தான். "ஒண்டை வேறை வீட்டிலை வையுங்கோ. என்ரை ராத்தா ஒராள், எனக்கு மூத்தவ, சின்னனிலையே மவுத்தாப் போனவ. அவவின்ரை ஒரே படம் எங்கடை சோனகதெரு வீட்டுச் சுவரிலைதான் இருந்ததாம். தொண்ணூறிலை முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன அவதியிலை உம்மா அதைக் கழட்டேல்லை. அவவின்ரை முகம் எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்தபோது ஜெனிற்றா பிள்ளையின் சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போடுவதற்கு ஆளில்லாத சட்டைகள். றஜிதா போனில் படத்தைக் காட்டினாள்.

"அக்கா, போன் அழிக்கேல்லை. நான்தான் அழிச்சனான். வீடியோவுக்கு இடம் காணாமல்."

ஜெனிற்றா குனிந்து படத்தைப் பார்த்தாள். ஈரக்கையால் அதைத் தொடவில்லை.

"அவருக்குச் சொல்லிப்போடாதை. தான் வீடியோ கேட்டபடியாலைதான் எண்டு அங்கை தனியக் கிடந்து சாவார்."

"அக்கா..."

"உன்னோடை இப்ப கதைக்க ஏலாது, றஜிதா. பிறகும் ஏலுமோ தெரியாது."

அச்சகத்துக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்: "செத்தவீட்டு வீடியோவிலை முகம் முழுக்க வடிவாய் இருக்கே, அதிலையிருந்து எடுப்பமோ?"

"அது அவள் இல்லை," என்றாள் ஜெனிற்றா. "கண்ணோடை அடியுங்கோ."

பூசை முடிந்ததும் அட்டைக் கட்டை ஜெனிற்றா தங்கையின் கையில் வைத்தாள். கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் றஜிதாவே கொடுத்தாள். வாங்கியவர்கள் கண்களைப் பார்த்தார்கள். மிச்ச முகம் பின்பக்கத்தில் இருக்குமென்று திருப்பிப் பார்த்தார்கள். அங்கே செபம் மட்டும் இருந்தது. ஒவ்வொருவரும் திருப்பத் திருப்ப, அவள் தலை குனியாமல் நின்றாள்.

என் செல்லங்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீண்டகாலம் இருக்கட்டும். அவர்களின் முகம் உங்கள் கையிலும் இருக்கட்டும், உங்கள்மேல் அன்புள்ள இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும். அந்த இரண்டு வீட்டிலும் விளக்கு அணையாதிருக்கட்டும்.